விருந்தில் வைத்த பட்டுப்புழு: பூச்சி உணவு பற்றி ஒரு பதில்

அசாமில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். கொக்ரஜாரில் உடன் வேலை பார்ப்பவர் வீட்டு விருந்தில் எரிப்பட்டுக் கூட்டுப்புழு வறுவல் வைத்தார்களாம். இவர் தொடவில்லை, அந்த வீட்டம்மாவின் முகம் வாடிவிட்டது. "சோற்றுக்கு வழியில்லாத காலத்தில் வந்த பழக்கம்தானே இது? உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா? வருங்காலத்தில் உலகமே பூச்சிதான் சாப்பிட வேண்டும் என்கிறார்களே, நிஜமா?" என்று மூன்று கேள்விகள். தனக்கு இறால் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும் என்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று எனக்குப் படுகிறது: இது முறையான உணவா, அல்லது கதியற்றவர்கள் வாயில் போட்டுக்கொண்டதா?

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இறால் உங்களுக்குச் சேராது என்றால் அந்த வறுவலைத் தொடாமல் இருந்தது சரிதான். இறால், நண்டு, பூச்சி எல்லாமே கணுக்காலிகள், நெருங்கிய உறவுகள். இறால் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணமான ட்ரோபோமயோசின் என்ற தசைப் புரதம் பூச்சிகளிலும் ஏறக்குறைய அதே வடிவில் இருக்கிறது. வேகவைத்தாலும் வறுத்தாலும் அது முழுசாக அழியாது. வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணிகளிலும் அதே புரதம் உண்டு என்பதால், தூசி ஒவ்வாமை உள்ளவர்களும் கவனமாக இருக்க வேண்டும். இறால் சேராத எல்லோருக்கும் பூச்சியும் சேராது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் யாருக்குச் சேரும், யாருக்குச் சேராது என்பதைச் சாப்பாட்டுத் தட்டில் வைத்துச் சோதித்துப் பார்க்கக் கூடாது. சீனாவில் பட்டுப்புழுவின் கூட்டுப்புழுவைச் சாப்பிட்டுக் கடும் ஒவ்வாமை அதிர்ச்சிக்கு ஆளானவர்கள் பற்றிய மருத்துவப் பதிவுகள் உண்டு. நான் மருத்துவன் இல்லை. ஒவ்வாமை மருத்துவர் ஒருவரைப் பார்த்து அவர் சொல்வதைக் கேளுங்கள். அந்த வீட்டிலும் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். தங்கள் சாப்பாட்டை அருவருப்பாகப் பார்க்கிறாரோ என்றுதான் அந்த முகம் வாடியிருக்கும். உடம்புக்குச் சேராது என்று தெரிந்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி வறுமைக் கேள்வி. பூச்சியியல் படித்த எனக்குப் பல ஆண்டுகள் பயிர்ப் பூச்சிகளை ஒழிக்க வழி சொல்வதே வேலை. அப்புறம் பட்டு வளர்ப்புப் பணியாகக் கொஞ்ச காலம் வடகிழக்கில் இருந்தேன். எரிப்பட்டு வளர்க்கும் பல போடோ, ரபா பழங்குடி வீடுகளில் நூலுக்கு எவ்வளவு மதிப்போ அதைவிடக் குறையாத மதிப்பு புழுவுக்கும் உண்டு என்பதை அங்கேதான் பார்த்தேன். ஆமணக்கு இலை தின்று வளரும் இந்தப் புழு கட்டும் கூடு ஒரு முனையில் திறந்திருக்கும். மல்பெரிப் பட்டில் வருவதுபோல ஒரே நீள இழை இதில் வராது. பஞ்சை நூற்பதுபோல நூற்றுத்தான் ஆக வேண்டும். அதனால் உயிரோடு இருக்கும் புழுவைக் கூட்டோடு சேர்த்து வேகவைக்க வேண்டியதில்லை. கூட்டைத் திறந்து முழுசாக வெளியே எடுத்துவிடலாம். கூடு நூற்புக்கு, புழு அடுப்புக்கு. பெருநகரக் கடைகளில் எரிப்பட்டை 'அகிம்சைப் பட்டு' என்று சொல்லி விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்துப்பூச்சி வெளியேறிப் பறந்த பிறகு எடுத்த கூட்டுக்கு அந்தப் பெயர் பொருந்தும். அசாம் கிராமங்களில் கூட்டுப்புழு பெரும்பாலும் சமையலறைக்குத்தான் போகிறது. அதைச் சொல்லாமல் மறைத்து விற்பது, அந்த மக்கள் காலங்காலமாகச் சாப்பிடுவதை வெளியே சொல்லக் கூடாத விஷயம்போல ஆக்கிவிடுகிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

வறுமைக்காகத் தின்பதென்றால் மலிவாகக் கிடைக்க வேண்டும். அங்கே சந்தையில் எரி கூட்டுப்புழு கோழிக்கறிக்குக் குறையாத விலைக்குப் போகிறது. மெக்சிகோவில் ஒருவகை எறும்பின் இளம்புழுவும் கூட்டுப்புழுவும் கலந்த 'எஸ்கமோலெஸ்' பெரிய உணவகங்களில் உயர்ந்த விலைக்குப் பரிமாறப்படுகிறது. தாய்லாந்தில் 'மெங்தா' என்ற பெரிய நீர்ப்பூச்சியில் ஆணுக்குத்தான் கூடுதல் விலை, ஏனென்றால் மிளகாய்த் துவையலுக்கு வாசனை கொடுக்கும் சுரப்பி ஆணிடம் இருக்கிறது. ஜப்பானின் நாகனோ, கிஃபு மலைப்பகுதிகளில் குளவிப் புழுவுக்காக மனிதர்கள் படும் பாட்டைக் கேட்டால் வியப்பாக இருக்கும். சின்ன இறைச்சித் துண்டில் வெள்ளை இழை ஒன்றைக் கட்டிக் குளவியிடம் கொடுப்பார்கள். அது தூக்கிக்கொண்டு பறக்கும்போது அந்த வெள்ளை தெரியும். அதைப் பார்த்தபடியே காட்டுக்குள் ஓடி மண்ணுக்குள் இருக்கும் கூட்டைக் கண்டுபிடிப்பார்கள். சிலர் கூட்டை அப்படியே எடுத்துவந்து வீட்டில் பெட்டிக்குள் வைத்து, தீனி போட்டு, இலையுதிர் காலம்வரை வளர்ப்பார்கள். அப்புறம் சோயா சாற்றிலும் சர்க்கரையிலும் சுண்ட வைத்துச் சோற்றோடு சாப்பிடுவார்கள். பசிக்காக யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

அதற்காக வறுமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஜிம்பாப்வே, போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணம் ஆகிய இடங்களில் மோபானே மரத்தின் இலையைத் தின்று விரல் பருமனுக்கு வளரும் ஒரு கம்பளிப்புழு உண்டு. மோபானே புழு என்றே பெயர். பெரும்பாலும் பெண்கள்தான் சேகரிக்கிறார்கள். புழுவைப் பிடித்துக் குடலில் இருக்கும் பச்சைச் சாற்றைப் பிதுக்கி வெளியே தள்ளி, உப்பு நீரில் வேகவைத்து, வெயிலில் காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. தக்காளி, வெங்காயம் போட்டுக் குழம்பாக்கி மக்காச்சோளக் களியோடு சாப்பிடுவார்கள். மழை தப்பிய வருடங்களில் அந்த மூட்டை பல குடும்பங்களுக்குச் சோறும் கையில் கொஞ்சம் பணமும் கொடுக்கிறது. ஆனால் வசதியாக நகரத்தில் இருப்பவர்களும் அதை விரும்பி வாங்குகிறார்கள். வறியவர்களுக்குக் கைகொடுப்பது என்பதாலேயே ஒன்று வறுமையில் பிறந்ததாகிவிடாது. நம் ஊர் முருங்கைக்கீரைக்கும் இதே நியாயம்தான்.

எந்தப் பூச்சி சாப்பாடாகிறது என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. உலகில் பத்து லட்சத்துக்கு மேல் பூச்சி இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறோம்; மனிதர்கள் சாப்பிடுவதாகப் பதிவானவை சுமார் 2,000. அவற்றில் பெரும்பாலானவை பெரிதாக இருக்கும், கூட்டமாகக் கிடைக்கும், வருடத்தில் இன்ன காலத்தில் வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும். கூடவே கொழுப்பும் இருக்கும். முதல் மழைக்குப் பின் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலை எடுத்துக்கொள்ளுங்கள். இணை சேர்ந்து, சிறகை உதிர்த்து, மண்ணுக்குள் போய்ப் புதுக் குடியைத் தொடங்கும்வரை அதற்குத் தீனி கிடையாது. அந்தப் பட்டினிக் காலத்துக்காக உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டுதான் புறப்படுகிறது. உலர் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பு இருக்கும். எண்ணெய் விடாமல் வறுத்தாலே அது தன் நெய்யில் வேகும். கூட்டுப்புழுவும் அப்படித்தான், வாயே திறக்காமல் முழு உடம்பையும் மாற்றிக் கட்டுவதற்கான சேமிப்பு அதில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மலைகளில் கோடையைக் கழிக்க வரும் போகாங் அந்துப்பூச்சியைத் தேடி அந்த நிலத்தின் பூர்வகுடிகள் மலையேறிப் போய்த் திரண்டதும் இந்தக் கொழுப்புக்காகவே. அங்கே ஒரு குகையில் கிடைத்த அரைகல்லில் ஒட்டியிருந்த அந்துப்பூச்சி எச்சம் சுமார் 2,000 ஆண்டு பழையது என்று 2020-ல் தொல்லியலாளர்கள் வெளியிட்டார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு, உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதற்கு, என் பதில் இதுதான்: பூச்சியோடு அதைப் பக்குவப்படுத்தும் அறிவும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். அந்த அறிவு இல்லாமல் பூச்சி மட்டும் வந்தால் ஆபத்து. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இணையத்தில் பூச்சி உணவைப் புகழ்பவர்களும் இகழ்பவர்களும் ஒன்றுபோல விட்டுவிடுவது இதைத்தான்.

ஜிம்பாப்வேயின் பிக்கிட்டா பகுதியில் 'ஹருர்வா' என்ற நாற்றப்பூச்சி உணவாகிறது. பிடித்தால் கண்ணில் பட்டு எரிக்கும், தோலில் கறை பிடிக்கும் திரவத்தைப் பீய்ச்சும். அங்குள்ளவர்கள் வெதுவெதுப்பான நீரில் அதைப் போட்டுக் கிளறி, அந்தத் திரவம் முழுதும் வெளியேறும்படி செய்து, கழுவி, அப்புறம்தான் வறுக்கிறார்கள். சரியாக வெளியேறாத பூச்சி கசக்கும். அதைத் தனியே ஒதுக்கிவிடுவார்கள். அந்தப் பூச்சி தங்கும் ஜிரி என்ற காட்டை நொருமெட்சோ மக்கள் தங்கள் விதிகளால் காத்து வருகிறார்கள். சுற்றுவட்டாரத்தில் மரங்கள் போனபோதும் அந்தக் காடு நிற்பதற்கு இந்தப் பூச்சி ஒரு முக்கியக் காரணம். சாப்பிடுகிறவர்களே பாதுகாவலர்களாகவும் இருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

மறுபக்கமும் உண்டு. நைஜீரியாவின் தென்மேற்கில் மழைக்காலம் வந்தால் சிலருக்குக் கைகால் நடுங்கி, நடை தள்ளாடும் ஒரு நோய் பல ஆண்டுகளாகப் புரியாமல் இருந்தது. அங்கே அந்தப் பருவத்தில் சாப்பிடும் 'அனாஃபே' என்ற காட்டுப் பட்டுப்புழுவின் கூட்டுப்புழுவில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி இருப்பதும், அது சாதாரணச் சமையல் சூட்டைத் தாங்கிவிடுவதும் 1990-களை ஒட்டிய ஆய்வுகளில் தெரியவந்தது. ஏற்கெனவே மரவள்ளிபோல மாவுச்சத்து மட்டுமே மிகுந்த சாப்பாட்டில் பி1 குறைந்தவர்களைத்தான் அது அடித்துப்போட்டது. பி1 கொடுத்தால் தேறினார்கள். இது அந்த ஒரு பூச்சிக்கும் அந்தச் சாப்பாட்டு முறைக்கும் உரிய கதை. எரிப்பட்டுப் புழுவுக்கு இதை ஏற்றிச் சொல்லக் கூடாது. ஆனால் 'பாரம்பரிய உணவு, எனவே தீங்கே கிடையாது' என்று சொல்பவர்களுக்கு இது பதில்.

கென்யாவில் 1980-ல் மருத்துவ இதழ் ஒன்றில் பதிவான சாவுகள் இன்னும் வேறு மாதிரி. ஈசலை வறுத்தோ காயவைத்தோ சாப்பிடுவது அங்கே சாதாரணம். ஆனால் பிடித்த ஈசலைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பைகளில் அடைத்து நாட்கணக்கில் வைத்திருந்து சாப்பிட்டவர்களுக்கு பொட்டுலிசம் என்ற நச்சுநோய் வந்தது. ஈசல் பழசு, பிளாஸ்டிக் பை புதுசு. மெக்சிகோவின் வஹாகா மாநிலத்து வெட்டுக்கிளி வறுவலிலும் பழைய உணவுக்குள் புது நஞ்சு நுழைந்தது. எலுமிச்சை, பூண்டு, உப்பு போட்டு வறுக்கும் 'சப்புலினெஸ்' அங்கே தெருவெங்கும் கிடைக்கும் நல்ல தின்பண்டம். 2000-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் சில குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதைத் தேடிப் போனபோது, வஹாகாவின் குறிப்பிட்ட ஓர் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த வெட்டுக்கிளியில் ஈயம் மிகுந்திருந்தது தெரிந்தது. குவைத்தில் 1980-களின் கடைசியில் வந்த பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டத்தைப் பிடித்துச் சோதித்தபோது பூச்சிக்கொல்லி எச்சம் இருந்தது. இஸ்லாத்தில் வெட்டுக்கிளி அனுமதிக்கப்பட்ட உணவு. யூத வேதமும் நான்கு வகைகளை அனுமதிக்கிறது. மார்க்கம் அனுமதித்ததை மருந்துத் தெளிப்பு கெடுத்துவிட்டது.

ஆகவே நம் ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வயலில் இறங்கிப் பிடித்து வறுத்துப் பார்க்க வேண்டாம். எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமுமாக உட்கார்ந்திருக்கும் வெட்டுக்கிளி, எருக்கின் நஞ்சைத் தன் உடம்பிலேயே சேர்த்து வைத்திருக்கிறது. துவரைப் பூவைத் தின்னும் கொப்புள வண்டில் உள்ள காந்தாரிடின் தோலில் பட்டாலே கொப்புளம் போடும். வயிற்றுக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்லவும் கூடும். பளிச்சென்ற நிறம் பெரும்பாலும் எச்சரிக்கை. நஞ்சில்லாத பூச்சியாக இருந்தாலும், நெல்லிலும் பருத்தியிலும் நாம் அடிக்கும் மருந்துகளோடுதான் அது வரும். மருந்தடிக்கச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

நாற்றப்பூச்சியும் குளவிப்புழுவும் மட்டுமல்ல, உலகின் 'விசித்திர' உணவுகள் பலவற்றில் இதே கதைதான். ஐஸ்லாந்தின் 'ஹாகர்ட்' சுறாவை எடுத்துக்கொள்ளுங்கள். கிரீன்லாந்து சுறாவின் பச்சை இறைச்சியைச் சாப்பிட்டால் போதையும் தள்ளாட்டமும் வரும். அதை வாரக்கணக்கில் புளிக்க வைத்து, மாதக்கணக்கில் காற்றில் தொங்கவிட்டால் உண்ணலாம். அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும் என்பது உண்மை. ஆனால் தானியம் அதிகம் விளையாத குளிர்த் தீவில் நஞ்சைச் சோறாக்கியவர்களின் அறிவு அந்த நெடிக்குள் இருக்கிறது.

அருவருப்பு பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கேள்வி முழுக்க அது இருக்கிறது. உளவியலாளர் பால் ரோசின் 1980-களில் செய்த சோதனை ஒன்று புகழ்பெற்றது. கிருமி நீக்கிய செத்த கரப்பானைப் பழச்சாற்றில் முக்கி எடுத்துவிட்டுக் கொடுத்தார்கள். தூய்மையானது என்று தெரிந்தும் மனிதர்களுக்குக் குடிக்க மனம் வரவில்லை. இந்த மறுப்பு அறிவின் வேலை இல்லை. சிறு வயதில் சுற்றியிருப்பவர்களின் முகத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்வது. கைக்குழந்தை கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடும். கருவாடு வறுக்கும் வாசம் நமக்குப் பசியைக் கிளப்புகிறது. அதுவே வேறு நாட்டவர் பலரை வீட்டைவிட்டு ஓட வைக்கும். நம் தென்னையைக் குடைந்து சாய்க்கும் சிவப்புக் கூன்வண்டின் புழுவைப் பார்த்தாலே நம் விவசாயிக்கு வயிறு எரியும். அதே புழுவை சரவாக்கில் விருந்தில் வைக்கிறார்கள். நியூகினியில் சேகோ பனையை வெட்டிச் சாய்த்து, வண்டு வந்து முட்டையிடட்டும் என்றே விட்டுவைத்துச் சில வாரம் கழித்துப் போய் அறுவடை செய்கிறார்கள்.

தமிழர்களுக்கு இது அந்நியம் என்ற எண்ணமும் சரியில்லை. அகநானூற்றின் 394-ஆம் பாட்டில் முல்லை நிலத்து வீட்டில் விருந்துக்குச் சமைப்பதைச் சொல்லும்போது, ஆட்டுத் தயிர், தீட்டிய வரகரிசி, புற்றிலிருந்து வந்த ஈசல் மூன்றும் சேர்த்து அட்ட "இன்புளி வெஞ்சோறு", அதன்மேல் பசு வெண்ணெய் உருகி வழிகிறது என்று வருகிறது. பாரியின் பறம்பு நாட்டைப் பற்றிக் கபிலர் பாடிய புறநானூறு 119-லும் ஈசலை மோரோடு சமைத்த புளிப்பு உணவு வளமான நாட்டின் அடையாளமாகவே பேசப்படுகிறது. வறுமையைச் சொல்ல வேண்டுமானால் புலவர்களுக்கு வேறு வழிகள் தெரியும். இங்கே பேசுவது செழிப்பு. இன்றைக்கும் பல கிராமங்களில் ஈசலை வறுத்துப் பொரியோடும் கடலையோடும் கலந்து சாப்பிடுகிறார்கள். ஆனால் வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள், ஏனென்றால் நம் சமூகத்தில் ஒருவர் சாப்பிடுவதை வைத்தே அவரைக் கீழே தள்ளும் வழக்கம் ஆழமாக இருக்கிறது. ஈசல் பிடிக்கும், வயல் எலி பிடிக்கும் இருளர்களை நாம் நடத்தியிருக்கும் விதம் தெரிந்ததே. 'வேறு வழியில்லாமல் தின்றார்கள்' என்ற அனுதாபப் பேச்சிலும் அந்தத் தள்ளல் கொஞ்சம் இருக்கிறது. நீங்கள் அந்த நோக்கத்தில் கேட்கவில்லை என்பது தெரியும். ஆனாலும் கொக்ரஜாரில் அந்த வாக்கியம் எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி புகழ்ச்சிக் கணக்கு. 'மாட்டுக்கறியைவிட மூன்று மடங்கு புரதம்' என்று பூச்சிப் பொடி விற்பவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். காய்ந்த பூச்சியைப் பச்சை இறைச்சியோடு ஒப்பிட்டு வந்த கணக்கு அது. பச்சை எடைக்குப் பச்சை எடை பார்த்தால் சிள்வண்டில் (ஆங்கிலத்தில் கிரிக்கெட்) சுமார் 20 சதவீதம் புரதம், இறைச்சியிலும் அதே சுமார்தான். இன்னொரு நுட்பமும் உண்டு. உணவில் புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குவது வழக்கம். பூச்சியின் தோலில் உள்ள கைட்டினிலும் நைட்ரஜன் இருப்பதால் அதுவும் புரதமாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. மாவுப்புழு போன்ற சில புழுக்களுக்கு 4.76 என்ற பெருக்கெண்ணே சரி என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2017-ல் சொன்னார்கள். அப்படிப் பார்த்தாலும் நல்ல புரத உணவுதான், அதிசயம் இல்லை.

மருத்துவ குணங்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஒடிசாவின் மயூர்பஞ்சில் முசுறு எறும்பை இஞ்சி, பூண்டு, மிளகாய், உப்பு வைத்து அரைக்கும் 'காய் சட்னி'க்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. அதன் புளிப்பு எறும்பின் ஃபார்மிக் அமிலத்திலிருந்து வருகிறது. ஆனால் அதைக் கொரோனாவுக்கு மருந்தாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம்வரை போனார்கள்; 2021-ல் அது தள்ளுபடியானது. சளிக்கும் காய்ச்சலுக்கும் கேட்கிறது என்று அங்குள்ளவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை, நிரூபணமானது என்றும் சொல்ல மாட்டேன். நல்ல சட்னி என்பதே அதற்குப் போதுமான பெருமை.

உலகமே பூச்சி சாப்பிடப் போகிறதா? ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2013-ல் வெளியிட்ட அறிக்கைதான் இந்தப் பேச்சைப் பரப்பியது. உலகில் 200 கோடிப் பேர் பூச்சி சாப்பிடுகிறார்கள் என்ற எண் அதிலிருந்துதான் எல்லா இடத்துக்கும் போனது. அந்த அறிக்கையை எழுதியவர்களில் சிலரே பின்னர், 2022-ல், அந்த எண்ணுக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். எனவே அதை நானும் பயன்படுத்துவதில்லை. தாய்லாந்தில் நடப்பது நிஜம்: 1990-களின் கடைசியில் பரவத் தொடங்கிய சிள்வண்டுப் பண்ணைகள் அந்த அறிக்கை வந்த சமயத்தில் சுமார் 20,000 ஆகிவிட்டன. அங்கே அதற்கு வாங்குபவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள், அதனால் ஓடியது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் மாவுப்புழு, வெட்டுக்கிளி, சிள்வண்டு என ஒவ்வொன்றாக அனுமதித்தது. சிங்கப்பூர் 2024 ஜூலையில் 16 இனங்களை அனுமதித்தது. ஆனால் அனுமதி வந்ததால் மட்டும் நாக்கு மாறிவிடவில்லை. அங்கெல்லாம் இன்னும் இது வேடிக்கைப் பண்டமாகவே இருக்கிறது.

சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பதும் பாதி உண்மை. பூச்சிக்குத் தன் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளும் செலவு இல்லை, தண்ணீரும் இடமும் குறைவாகப் போதும், இவை உறுதி. ஆனால் தீவனத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கலிபோர்னியாவில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், கோழித் தீவனம் தின்ற சிள்வண்டு கோழியைவிடப் பெரிதாகச் சிக்கனமாக இல்லை. பக்குவப்படுத்தாத உணவுக் கழிவைப் போட்டபோது ஏறக்குறைய எல்லாமே வளர்வதற்குள் செத்துப்போயின. மக்காச்சோளமும் சோயாவும் போட்டுச் சிள்வண்டு வளர்ப்பதில் பூமிக்கு என்ன லாபம் என்பது நியாயமான கேள்வி. என் அபிப்பிராயத்தில், கழிவிலேயே நன்றாக வளரும் கறுப்புப் படைவீரன் ஈயின் புழு மீனுக்கும் கோழிக்கும் தீவனமாவதுதான் பெரிய அளவில் நடக்கக்கூடியது. அப்புறம், நம் பட்டு நூற்பாலைகளில் மிஞ்சும் கூட்டுப்புழுவும் அதே வழியில் இன்னும் நன்றாகப் பயன்பட முடியும்.

ஒவ்வாமை எதுவும் இல்லாமல், அசாமிலோ நாகாலாந்திலோ சாப்பிட்டுப் பார்க்க ஆசைப்படும் மற்றவர்களுக்குச் சில வார்த்தைகள். வளர்த்த புழுவை, தொட்டால் அசையும் நிலையில் உயிரோடு விற்கும் கடையில் வாங்குங்கள். கறுத்துத் துவண்டதை, நாற்றம் அடிப்பதை விட்டுவிடுங்கள். அன்றைக்கே கழுவி, கொதிநீரில் நன்றாக வேகவைத்து, நீரை வடித்து, அப்புறம் கடுகெண்ணெயில் வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாயோடு மொறுமொறுப்பாகும்வரை வறுக்க வேண்டும். வெறுமனே வறுத்தால் போதும் என்று விடாதீர்கள். மண்ணிலும் எச்சத்திலும் இருக்கும் சில கிருமிகளின் வித்துகள் இலேசான சூட்டுக்கு அசையாது. மிஞ்சியதை மூடிக் கட்டி வெளியே வைக்க வேண்டாம். முதல் தடவை இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொண்டு மறுநாள்வரை பாருங்கள். முடிந்தால் முதல் தடவை நீங்களே சமைக்காமல், அதைச் சமைத்தே வளர்ந்த ஒருவர் கையால் சாப்பிடுங்கள்.